மலையேறாத சக்தி: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்திலிருந்து மனோசக்திக் கதைகளை வாசித்தல்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று சிப்காட் தொழிற்பேட்டைப் பலகைகள் தொடர்ந்து வரும். ஸ்ரீபெரும்புதூரில் தெற்கே பிரிந்தால் வல்லம் வடகால், ஒரகடம். ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடிவிட்டுப் போனது. ரெனோவும் நிசானும் கூட்டாக அமைத்த ஒரகடம் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. பின்னர் டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, யமஹா என்று பட்டியல் நீண்டது. இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலீடு, ஏற்றுமதி, நிலம் எடுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியவற்றை எழுதுவார்கள். அவற்றோடு இந்த மண்ணுக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. மனத்தின் ஆற்றலைப் பற்றிக் கதை கட்டிய வரலாறு அது. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் குன்றத்தூர், ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், திருக்கச்சி நம்பியின் பூந்தமல்லி, பூசலார் நாயனாரின் திருநின்றவூர் எல்லாம் இன்றைய கம்பெனி பஸ்கள் ஓடும் தூரத்துக்குள்தான் இருக்கின்றன.

பிறர் மனத்தில் இருப்பதை அறிவது, தொலைவில் நடப்பதைக் காண்பது, தொடாமலே பொருளை நகர்த்துவது, இன்னொருவரின் வாய்வழியே பேசுவது. இவை உலகின் காமிக்ஸும் அனிமேஷனும் இசையும் விடாமல் கையாண்டுவரும் பொருள்கள். இத்தகைய கதைகளை எடை போடும்போது வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன: சக்தி எப்படி வந்தது, அதை நல்லதற்குப் பயன்படுத்தினார்களா கெட்டதற்கா? இவற்றைவிடப் பயனுள்ள மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: வந்த சக்தியை யார் திருப்பி அனுப்புவது? இவ்வட்டாரம் அடங்கிய தொண்டை நாட்டின் கோயில் முற்றங்களில் இதற்கு விடை இருக்கிறது. சிவகாசியில் அச்சான காமிக்ஸிலும் தோக்கியோவில் வரைந்த அனிமேஷனிலும் பெரும்பாலும் இல்லை. அந்த இல்லாமையே அக்கதைகளின் துயரம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மனத்துக்குள் கட்டுமானப் பணி

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பூசலார் வரலாறு சிறியது. திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் சிவனுக்குக் கோயில் எழுப்ப விரும்புகிறார். எங்கு தேடியும் பொருள் கிடைக்கவில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்குகிறார். இங்கே சேக்கிழார் செய்திருப்பது கவனிக்கத் தக்கது. கண்ணை மூடினார், கோயில் நின்றது என்று அவர் எழுதவில்லை. பூசலார் மனத்தில் பொருள் சேர்க்கிறார், கருவிகள் திரட்டுகிறார், தச்சரை வரவழைக்கிறார், நாள் பார்த்து அடிநிலை இடுகிறார், இரவிலும் உறங்காமல் வேலை நடத்துகிறார். விமானம், சுதை வேலை, மதில், கிணறு, குளம் என்று ஒவ்வொன்றும் முறைப்படி முடிகிறது. கடைசியில் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். கற்பனையில் எழும் கட்டடத்துக்கும் காலமும் வரிசையும் உழைப்பும் உண்டு; குறுக்குவழி கிடையாது.

அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருக்கிறான். முந்தைய இரவு இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசலின் ஆலயத்துக்கு நாளை செல்வதால் உன் விழாவை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள் என்கிறான். அரசன் தேடிக்கொண்டு வருகிறான். அப்படியொரு கோயில் இங்கே இல்லையே என்று ஊரார் கைவிரிக்கிறார்கள். அந்தக் கற்கோயில் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டிய கயிலாசநாதர் கோயில் என்றே பலரும் கொள்கிறார்கள். அரசன் அசரீரி கேட்டவன் என்று அக்கோயில் கல்வெட்டும் பேசுகிறது.

தொலைவிலுணர்தல் கதையாக இதைப் படித்தால் ஒரு வியப்பு உண்டாகும். பூசலார் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. தன் மனத்தில் நடப்பது அரசனுக்குத் தெரிந்துவிட்டது என்பதை அரசன் வந்து நின்ற பிறகே அவர் அறிகிறார். சக்தி அவர் வழியாகச் செயல்படுகிறது, அவருக்கு உடைமையாகவில்லை. கதை முடியும்போது அவரிடம் மிஞ்சியிருப்பதும் வழிபாடுதான்.

ராமானுஜர் வரலாற்றிலும் இதே அமைப்பு. 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவராக மரபு சொல்லும் ராமானுஜர், இளமையில் சில ஐயங்களை மனத்திலேயே வைத்துக்கொண்டு திருக்கச்சி நம்பியிடம் வருகிறார். நம்பி பூந்தமல்லிக்காரர், அந்தணர் அல்லாதவர், காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். விசிறும் வேளையில் பெருமாள் அவரோடு பேசுவார் என்பது நம்பிக்கை. கேள்விகள் இன்னவை என்று ராமானுஜர் சொல்லாமலே, ஆறு விடைகளை நம்பி பெற்றுவந்து தந்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். அன்றைய சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட ஒருவரிடம் சாத்திரம் கற்றவர் விடைக்காகக் காத்து நிற்கிறார். மனோசக்திக் கதைகளின் சமூகப் பயன்களில் இது ஒன்று. பேச இடமில்லாதவருக்கு அவை பேசும் இடத்தைத் திறந்துவிடும்.

சித்தர் மரபு அணிமா முதல் வசித்துவம் வரை எட்டுச் சித்திகளை வகைப்படுத்தியது. கூடு விட்டுக் கூடு பாய்ந்த திருமூலரின் கதையும் கிளியுருவில் தங்கிவிட்ட அருணகிரிநாதரின் கதையும் தமிழ்நாட்டில் தெரியாதார் இல்லை. ஆனால் சித்திகளில் மயங்கி நின்றுவிடுபவன் வழி தவறியவன் என்ற எச்சரிக்கையும் அவற்றோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

சிவகாசியிலிருந்து வந்த இரும்புக்கை

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. அதன் நாயகன் இரும்புக்கை மாயாவி. மூலம் 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர். எழுத்து கென் பல்மர், ஓவியம் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளன். வலக்கையை இழந்து, அதற்குப் பதில் எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த விபத்தில் அவன் உடலில் உயர் மின்னழுத்தம் பாய்கிறது. அன்றிலிருந்து மின்சாரம் தாக்கினால் அவன் உடல் மறையும். எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதற்கதையில் அவன் நல்லவனும் அல்லன். மறைந்திருக்கும் வசதி அவனைக் குற்றத்துக்கு இழுக்கிறது. பின்னால்தான் அவன் உளவு நிறுவனத்துக்கு வேலை செய்யும் வீரனாகிறான்.

மாயாவியின் சக்தியில் தவம் இல்லை, குரு இல்லை, விரதம் இல்லை. பிளக்கில் விரலை வைத்தால் போதும். தமிழ் வாசகர் பழகியிருந்த மாய மந்திரக் கதைகளிலிருந்து இது பெரிய விலகல். அம்புலிமாமாவின் மந்திரவாதி எங்கோ மலைக்குகையில் உபாசனை செய்து சக்தி பெறுவான். மாயாவிக்கோ தொழில்நுட்ப விபத்தே தீட்சை. மின்சாரம் எல்லா வீட்டுக்கும் இன்னும் எட்டியிராத ஒரு தமிழகத்தில், சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டி அற்புதத்தின் வாசலாக மாறியது.

மந்திரவாதி மாண்ட்ரேக் வேறு வகை. லீ ஃபால்க் 1934 ஜூனில் தொடங்கிய அமெரிக்க நாளிதழ்த் தொடரான அது இந்திரஜால் காமிக்ஸ் வழியாகவும் முத்து காமிக்ஸ் வழியாகவும் தமிழுக்கு வந்தது. மாண்ட்ரேக் கையை ஒருமுறை வீசினால் எதிரியின் துப்பாக்கி பாம்பாகத் தெரியும். உண்மையில் எதுவும் மாறுவதில்லை; பார்ப்பவன் மனம்தான் மாறுகிறது. அதே 1934இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. பி. ரைன், புலன்கடந்த உணர்வு பற்றிய தம் நூலை வெளியிட்டார். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் ஆகிய ஐந்து குறிகள் அச்சிட்ட சீட்டுகளை வைத்து ஆயிரக்கணக்கான முறை சோதனை நடத்தினார். அவர் கண்ட முடிவுகளைப் பிறர் கட்டுப்பாடான சூழலில் திரும்பச் செய்தபோது அவை நிலைக்கவில்லை. அறிவியல் கைவிட்டதைச் சித்திரக்கதை எடுத்து வளர்த்தது.

தமிழ் வாசகர் இக்கதைகளை ஏமாளிகளாக வாசிக்கவும் இல்லை. இலங்கையில் ஆபிரகாம் கோவூர் மனோசக்தியையோ அற்புதத்தையோ நிரூபிப்போருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்துச் சவால் விட்டிருந்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. அவர் எழுதிய ஒரு வழக்கைத் தழுவி 1973இல் ‘மறுபிறவி’ என்ற தமிழ்ப் படமே வந்தது. பகுத்தறிவு மேடைகளும் இரும்புக்கை மாயாவியும் ஒரே தலைமுறையில் ஒரே சிறுநகரங்களில் உலவினார்கள். ஒருவரை ரசிக்க இன்னொருவரை மறுக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

எஃகுக் கை என்ற உருவகத்தை ஒரகடத்திலிருந்து பார்த்தால் அதற்கு இன்னொரு பொருள் கிடைக்கிறது. தகடு வெட்டும் பவர் பிரஸ்களில் விரல் போவது வாகன உதிரிபாகத் தொழிலின் பழைய காயம். இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை ஒருசேர அழுத்தினால் மட்டும் பிரஸ் இறங்கும் ஏற்பாடும், கை குறுக்கே வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரையும் அதனால்தான் வந்தன. பெரிய ஆலைகளில் அவை இருக்கும். விநியோகச் சங்கிலியின் கீழ்க்கண்ணியில் உள்ள சிறு பட்டறைகளில் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கையை இழந்தவன் அதைவிட வலிய கையோடு திரும்பிவருவது, இயந்திரத்தோடு வேலை செய்கிற உடல் காணும் கனவு. அக்கனவு பிரிட்டனில் பிறந்து, சிவகாசியின் அச்சகங்கள் வழியே தமிழகத்துக்கு வந்தது.

டெட்சுவோவின் கை

ஒரகடம் வட்டாரத்துக்கு இயந்திரமும் மேலாளர்களும் வேலை ஒழுங்கும் எந்தெந்த நாடுகளிலிருந்து வந்தனவோ, அவற்றுள் ஒன்றான ஜப்பானில்தான் மனோசக்திக் கதைகள் மிக விரிவாக வளர்ந்தன. அதற்கு ஆய்வுக்கூட வரலாறு ஒன்றும் உண்டு. 1910இல் தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக உளவியலாளர் ஃபுகுராய் டொமோகிச்சி, மூடிய உறைக்குள் எழுதியிருப்பதை வாசிப்பதாகச் சொல்லப்பட்ட மிஃபுனே சிசுகோ என்ற இளம்பெண்ணை அறிஞர்கள் முன் சோதித்தார். ஐயங்களும் பத்திரிகைக் கேலியும் சூழ்ந்தன. 1911இல் அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டார். பிறகு ஃபுகுராயும் பல்கலைக்கழகத்தை விட்டு விலக நேர்ந்தது. சோதிக்கப்படும் உடல் ஒருவருடையது, அதை வைத்துப் புகழ் தேடுவது இன்னொருவர் என்ற அமைப்பு அப்போதே வந்துவிட்டது.

1974இல் யூரி கெல்லர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் கரண்டி வளைத்துக் காட்டியபோது நாடெங்கும் குழந்தைகள் கரண்டியைத் தேய்க்கத் தொடங்கினார்கள். அந்த அலையின் எச்சம் இன்றும் குழந்தைகள் உலகில் இருக்கிறது. போக்கிமானில் கரண்டி ஏந்திய கடாப்ரா என்ற பாத்திரம் தம்மைக் குறிப்பதாக 2000இல் கெல்லர் வழக்குத் தொடுத்தார். 2020இல் அவரே வருத்தம் தெரிவித்து வழிவிட்ட பிறகு, 2023இல் கடாப்ரா சீட்டு மீண்டும் வந்தது.

இந்த மரபின் உச்சம் கட்சுஹிரோ ஓட்டோமோ. 1980–81இல் அவர் வரைந்த ‘டோமு’ ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கிறது. அங்கே மறதி நோய் கண்டவர்போல உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர் மனோசக்தியால் குடியிருப்போரைச் சாகடித்துக்கொண்டிருக்கிறார். புதிதாகக் குடிவந்த சிறுமி ஒருத்தி அவரை எதிர்கொள்கிறாள். தொழில் வளர்ச்சிக்காக ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புகளில், ஒருவரையொருவர் அறியாத ஆயிரம் பேர் நடுவே, மனம் மட்டும் சுவர்களைத் துளைத்துப் போகிறது.

1982 முதல் 1990 வரை வெளிவந்த ‘அகிரா’ தொடரும், அவரே இயக்கிய 1988 அனிமேஷன் படமும் இதைப் பெருநகர அளவுக்கு விரித்தன. படத்தில் காலம் 2019. மோட்டார் சைக்கிள் கூட்டத்துப் பையன் டெட்சுவோ, ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிய மனோசக்திச் சிறுவனோடு மோதி விபத்துக்குள்ளாகிறான். ராணுவம் அவனைத் தூக்கிச்சென்று சோதிக்கிறது. சக்தி விழித்துக்கொள்கிறது. தன்னைவிட வலியவனாகிய கானேடாவின் நிழலில் வளர்ந்த அவனுக்கு, அந்தச் சக்தி முதலில் விடுதலையாகத் தெரிகிறது. பின்பு விண்ணிலிருந்து பாயும் லேசர் ஆயுதம் அவன் கையை அறுத்தெறிகிறது. சிதைந்து கிடக்கும் உலோகத்தையும் கம்பிகளையும் மனத்தால் இழுத்து அவன் தனக்கொரு இரும்புக்கை செய்துகொள்கிறான்.

இரும்புக்கை மாயாவிக்கும் டெட்சுவோவுக்கும் நேரடி உறவு எதுவும் இருக்கவேண்டியதில்லை. ஆனால் இருவரையும் அருகருகே வைத்தால் கால் நூற்றாண்டில் கனவு எப்படிக் கசந்தது என்பது புலப்படும். மாயாவியின் கை அவன் சொன்னபடி கேட்டது. டெட்சுவோவின் கை கேட்பதில்லை. கம்பிகள் வளர்கின்றன, தசை பெருகுகிறது, உடல் ஒரு விளையாட்டரங்கையே நிறைக்கும் சதைக் குவியலாகிறது. நிறுத்துங்கள் என்று அவனே கெஞ்சினாலும் நிறுத்தத் தெரிந்தவர் எவரும் அங்கே இல்லை. விஞ்ஞானிக்கு அளக்கத் தெரியும், படைத்தளபதிக்குச் சுடத் தெரியும். கடைசியில் மற்ற மனோசக்திக் குழந்தைகள், படத்துக்குப் பெயர் தந்த சிறுவன் அகிராவை எழுப்பி, டெட்சுவோவை இந்த உலகத்திலிருந்தே கொண்டுபோகவேண்டியதாகிறது.

பாலித்தீவின் மூங்கில், தொண்டை நாட்டின் பம்பை

‘அகிரா’ படத்தின் இசையைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. அதை அமைத்த கேய்னோ யமாஷிரோகுமி 1974இல் உருவான குழு. தொழில்முறை இசைஞர்களின் குழு அன்று. மாணவர், மருத்துவர், பொறியாளர், அலுவலக ஊழியர் என நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடுவது. பாலித்தீவின் மூங்கில் இசைக்கருவிகளையும் கேமலன் தாளங்களையும் ஜப்பானிய நோ நாடகக் குரலையும் பௌத்த ஓதுமுறையையும் அவர்கள் ஒன்றுசேர்த்தார்கள். அக்கால மின்னணுக் கீபோர்டுகள் மேலைச் சுருதிக்கே அமைந்திருந்ததால், நிரல் எழுதக் கற்றுக்கொண்டு அவற்றைக் கேமலன் சுருதிக்கு மாற்றினார்கள்.

குழுவின் தலைவர் ஷோஜி யமாஷிரோ. அறிவியல் உலகில் அவர் சுட்டோமு ஓஹாஷி என்ற பெயரில் அறியப்பட்ட ஆய்வாளர். காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி மூளையின் செயற்பாட்டைப் பாதிக்கிறது என்று கேமலன் இசையை வைத்து 2000இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரை பெரும் விவாதத்துக்கு உள்ளானது. 2002இல் இன்னொரு கட்டுரை வந்தது. பாலித்தீவுச் சடங்கு நாடகத்தில் சாமி வந்து ஆடுகிறவர்களின் மூளை அலைகளை, உடலோடு கட்டிய கம்பியில்லாக் கருவி கொண்டு, சடங்கு நடக்கும் இடத்திலேயே பதிவு செய்திருந்தார்கள். சாமி வந்தவரிடம் தீட்டா, ஆல்ஃபா அலைகளின் வலு கூடியிருந்தது. உடன் ஆடியும் சாமி வராதவர்களிடம் அப்படி இல்லை. வலிப்பு நோயின் அடையாளங்களும் தென்படவில்லை. உலகின் மிகப் புகழ்பெற்ற மனோசக்தி அனிமேஷனுக்கு இசையமைத்தவர், சாமியாட்டத்தை ஆய்வு செய்தவராகவும் இருந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. படம் சொல்லும் கதையில் இல்லாத ஒன்று அதன் இசையில் ஒலிக்கிறது. கூட்டமாக நின்று அழைக்கவும் அனுப்பவும் தெரிந்த ஒரு சமூகத்தின் குரல் அது.

தொண்டை நாட்டுக்கு அந்தக் குரல் அந்நியமில்லை. ஆடி மாதம் கூழ் வார்க்கும் விழாக்களில் பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்பும் சேர்ந்து அம்மனை வர்ணிக்கும். பம்பை இரட்டை முழவு, குச்சியால் அடிப்பது. வர்ணிப்பு பாடுகிறவர் அம்மனின் ஊர், பிறப்பு, கோபம், அலங்காரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழைக்க, தாளம் நெருக்கிக்கொண்டே போகும். யாரோ ஒருவருக்கு அருள் வரும். உடனே கேள்வி தொடங்கும்: வந்திருப்பது யார், என்ன குறை, என்ன வேண்டும்? குறி கேட்டு முடிந்ததும் கற்பூரம் காட்டி, விபூதி இட்டு, எலுமிச்சம்பழம் கொடுத்து மலையேறச் சொல்வார்கள். தாளம் அடங்கும். ஆடியவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்துகொள்வார். மறுநாள் அவர் பழையபடி கொத்தனார், அல்லது செவிலி, அல்லது ‘ஏ’ ஷிஃப்ட்டுக்குப் போகும் ஆபரேட்டர்.

வடதமிழகத்தின் பூவாடைக்காரி சடங்கில் இந்த ஒழுங்கு இன்னும் துலக்கம். வீட்டில் கல்யாணம் வைத்தால் முன்பு இறந்துபோன குடும்பத்துப் பெண்ணை நீர்நிலையிலிருந்து பம்பை முழக்கி அழைப்பார்கள். அவள் வீட்டார் ஒருவர்மேல் இறங்கிப் பேசுவாள், மனக்குறையைச் சொல்வாள், காத்துநிற்பதாக வாக்குக் கொடுப்பாள். மாந்திரீகம், குறி, பேயோட்டல், முன்னோர் அழைப்பு ஆகிய செஞ்சி வட்டாரச் சடங்குகளை ஆராய்ந்து இசபெல் நபொகோவ் 2000இல் ஒரு நூல் வெளியிட்டார். இச்சடங்குகள் ஒன்றுக்கொன்று பொருத்தமான கட்டங்களாக அமைந்திருப்பதை அது காட்டுகிறது. அதே நூல் இந்த மரபின் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்களில் பலர் புதிதாக மணமானவர்கள். அவர்களுடைய கூந்தலில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணியடிக்கும்போது, பேயோடு சேர்த்து அவர்களுடைய மறுப்பும் அறையப்படுகிறது. அனுப்பிவைக்கத் தெரிந்த சமூகமே அடக்கவும் தெரிந்த சமூகம். அம்மன் இறங்கினால் காலில் விழுகிறவர்கள், மருமகளிடம் வேறு ஏதாவது இறங்கினால் சாட்டையை எடுப்பார்கள்.

ஆகவே இதைப் பொற்காலமாகப் பாட வேண்டியதில்லை. ஆனால் கதை அமைப்பு என்ற அளவில் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். இங்கே சக்தி தனியாளின் உடைமையாவதில்லை. அது அழைப்பின் பேரில் வருகிறது, சாட்சிகள் முன் பேசுகிறது, குறித்த நேரத்தில் போய்விடுகிறது. அதற்குத் தொடக்கமும் முடிவும் வகுத்துக் கொடுப்பது இசை. திரைப்படத்தில் இசை காட்சிக்குப் பின்னால் நிற்கும். கோயில் முற்றத்தில் இசை முன்னால் போகும், காட்சி அதன் பின்னே வரும். எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் ஒலிபெருக்கிக்கு வந்த பிறகும் அவை கேட்பதற்கான பாடல்களாக மட்டும் நின்றுவிடாததற்கு இதுவே காரணம். ஆனால் ஒலிநாடாவால் அழைக்க முடியும். வந்தவரிடம் பேசவோ திருப்பி அனுப்பவோ முடியாது. அதற்கு ஆள் வேண்டும்.

ஆலைக்குள் யார் பேசுவது?

மலேசியாவின் சிலாங்கூரில் ஏற்றுமதி வளாகத்து ஜப்பானிய ஆலைகளில் வேலை செய்த மலாய்ப் பெண்களைப் பற்றி மானிடவியலாளர் ஐவா ஓங் 1987இல் எழுதிய நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து மணிக்கணக்கில் சிறு உறுப்புகளை இணைக்கும் பெண்களில் ஒருத்திக்குத் திடீரென ஆவி பிடிக்கும், வரிசை வரிசையாக மற்றவர்களுக்கும் பரவும், உற்பத்தி நிற்கும். நிர்வாகம் அதை மனநோய் என்றது, மந்திரவாதியையும் வரவழைத்தது. ஓங் அதை எதிர்ப்பின் மொழியாக வாசித்தார். மேற்பார்வையாளரிடம் நேராகச் சொல்ல முடியாததை அந்தப் பெண்கள் ஆவியின் வாயால் சொன்னார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் வேறு பாதையில் போனது. நோக்கியா ஆலையில் வேலை செய்து, வாடகை வீட்டில் சேர்ந்து தங்கியிருந்த பெண்கள் வேலை, காதல், சம்பளம், சாதி, வீட்டை விட்டு வந்தது பற்றியெல்லாம் பேசிய பேச்சுகளை மதுமிதா தத்தா தமிழில் ஒலிப்பதிவுத் தொடராக்கினார். அது 2021இல் மதுஸ்ரீ பாசுவின் ஓவியங்களோடு ‘மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்’ என்ற ஆங்கில நூலாக வந்தது. இந்த வட்டாரத்து ஆலைப் பெண்கள் சித்திரங்களோடு தோன்றும் அரிய நூல்களில் ஒன்றான அதில் யாருக்கும் அதிசய சக்தி இல்லை. அவர்கள் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். அதே 2021 டிசம்பரில், விடுதி உணவால் இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர் பலர் நோயுற்றபோது, உடன் வேலை செய்த பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2024 செப்டம்பர், அக்டோபரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து சங்கம் வைக்கும் உரிமையைக் கேட்டார்கள். ஆவியின் வாய் தேவைப்படாத இடம் இது என்று பெருமைப்படலாம். எத்தனை பேர் இன்னும் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்பதை மறக்கவும் கூடாது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் 706.50 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. ‘டோமு’ வாசித்தவருக்கு இந்த எண் வேறுவிதமாகப் படும். பல மாவட்டங்களிலிருந்து வந்த, ஒருவரையொருவர் அறியாத இத்தனை மனங்கள் ஒரே கூரைத் தொகுதியின் கீழ் உறங்குகின்றன. இப்படியொரு இடத்தில் நிகழும் மனோசக்திக் கதையைத் தமிழில் யாராவது வரைந்தால் அது எப்படி இருக்கும்?

இதுவரை நம் கதைகள் பெரும்பாலும் வந்த வழியிலேயே போயிருக்கின்றன. 2011இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ படம் காஞ்சியிலிருந்து சீனம் சென்றவராக மரபு சொல்லும் போதிதர்மரை எடுத்துக்கொண்டது. அவர் தவத்தால் பெற்றதை மரபணுவில் உறங்கும் சொத்தாக மாற்றி, வழித்தோன்றலின் உடலில் விழிக்கச் செய்தது. வில்லனுக்கோ நோக்காலேயே பிறரை ஆட்டிவைக்கும் வித்தை. பிறப்பால் வரும் சக்தி அமெரிக்கச் சூப்பர் ஹீரோக்களின் வாய்பாடு. மாண்ட்ரேக்கின் மனவசியம் அதைவிடப் பழைய வாய்பாடு. போதிதர்மரை மையமாக வைத்த படத்திலும் ஆசிரியர்-மாணவர் வழி பின்தள்ளப்பட்டு ஆய்வுக்கூடம் முன்னே வந்துவிட்டது.

தொண்டை நாட்டின் கதைமரபு தரக்கூடிய வாய்பாடு இன்னும் காமிக்ஸ் கட்டங்களுக்குள் வரவில்லை. பூசலாரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்: மனத்தில் நடக்கும் வேலைக்கும் அடித்தளமும் வரிசையும் உறக்கமில்லாத இரவும் உண்டு. திருக்கச்சி நம்பியிடமிருந்து: கடத்துபவர் செய்திக்குச் சொந்தக்காரர் அல்லர். பம்பைக்காரரிடமிருந்து: அழைத்தவருக்குத் திருப்பி அனுப்பும் பொறுப்பும் உண்டு. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் ‘அகிரா’வின் விஞ்ஞானிகள் செய்த தவறு என்னவென்று தெளிவாகும். சக்தியை எழுப்பியது மட்டும் தவறாகாது. எழுப்பும் கருவிகளைச் செய்தவர்கள், அடங்கச் செய்யும் முறையைச் செய்யவில்லை. டெட்சுவோ என்ன கேட்கிறான் என்று ஒருமுறையும் விசாரிக்கவில்லை.

உற்பத்தி வரிசைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும் ஏற்பாட்டை வாகன உலகுக்குக் கற்றுக்கொடுத்ததும் ஜப்பான்தான். குறை கண்ட தொழிலாளி யாராயினும் இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்பது டொயோட்டா முறையின் அடிப்படை. ஆலை ஒழுங்கு இவ்வாறு நிறுத்தும் உரிமையைத் தொழிலாளி கையில் கொடுப்பதாகக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் எவ்வளவு என்பதுதான் சங்கங்கள் எழுப்பும் கேள்வி. மனோசக்திக் கதைகளையும் இதே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். சக்தி எவ்வளவு பெரியது என்பதைவிட, அதைச் சுமக்கும் உடல் ‘போதும்’ என்று சொன்னால் கேட்பதற்கு அந்தக் கதையில் யாராவது இருக்கிறார்களா என்பதே ஒரு கதையின் தரத்தைத் தீர்மானிக்கிறது.